ஏலக்காய்க்கு எத்தனை நிமிஷம்? மாநிலங்களவையின் ஒரு நாள்

இந்த எபிசோட் ஒரு வாரம் லேட், மன்னிச்சுக்கோங்க. ஊருக்குப் போயிருந்தேன். எனக்கு ஊர் போடிநாயக்கனூர். எங்க ஊரில் ‘ஏலம்’ என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டு. மலையில் விளையிற காயும் ஏலம், அந்தக் காயைக் கீழே கொண்டு வந்து விற்கிற முறையும் ஏலம். ‘ஏலத்துக்கு ஏலம் போட்டாச்சா?’ன்னு ஒருத்தர் கேட்டா எங்க ஊரில் யாரும் சிரிக்க மாட்டாங்க.

போடியிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவு ஏறினா போடிமெட்டு. அதைத் தாண்டினா கேரளா, இடுக்கி மாவட்டம். என் தாய்மாமாவுக்கு அந்தப் பக்கம் சின்னதா ஒரு ஏலத்தோட்டம் இருக்கு. டிசம்பர் மாதம், காய் எடுப்பு நடந்துகொண்டிருந்தது. மத்தியான சாப்பாடு முடிந்து, காய் உலர்த்துற ஸ்டோர் வாசலில் உட்கார்ந்து மாமா போனில் சன்சத் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். மாநிலங்களவை நேரலை. யாரோ எழுந்து கத்துகிறார், இன்னும் நாலு பேர் சேர்ந்து கத்துகிறார்கள், அவை ஒத்திவைப்பு.

மாமா போனை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: “மாப்ள, நீதான் இன்ஜினியரு. சொல்லு. இத்தனை பேரு இத்தனை நேரம் பேசுறாங்க. நம்ம காயைப் பத்தி ஒரு நிமிஷம் பேச ஒருத்தருக்கும் நேரம் இல்லையா?”

மாமாவோட கோபத்துக்குக் காரணம் உண்டு. 2019-ல் ஏலக்காய் ஒரு கிலோ 7,000 ரூபாய் வரை போச்சு. இரண்டே வருஷத்தில் ஆயிரம் ரூபாய் பக்கத்துக்கு இறங்கிடுச்சு. அந்த 7,000 ரூபாயை நம்பி உரம் வாங்கினவர், கடன் வாங்கினவர், மகள் கல்யாணத்தை நிச்சயம் பண்ணினவர் எல்லோரும் எங்க தெருவிலேயே இருக்காங்க.

நான் அப்போ பதில் சொல்லலை. தெரியாது, அதான் காரணம். ராத்திரி உட்கார்ந்து மாநிலங்களவையின் பழைய அலுவல் பட்டியல்களை எடுத்துப் படிக்க ஆரம்பித்தேன். ஒவ்வொரு நாளும் அவை கூடுறதுக்கு முன்னால், அன்றைக்கு என்னென்ன வேலை, எந்த வரிசையில், யார் பெயரில் என்று ஒரு பட்டியல் வெளியிடுவார்கள். பொது இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். படிக்க சுவாரஸ்யமே இருக்காது. ஆனால் அங்கேதான் ஏலக்காய் இருந்தது.

இன்றைக்கு எபிசோட் அதைப் பற்றித்தான். மாநிலங்களவையில், அதாவது ராஜ்யசபாவில், ஒரு நாளின் நேரம் எப்படிப் பங்கு பிரிக்கப்படுகிறது? அந்தப் பங்கில் மாமாவோட ஒரு நிமிஷம் எங்கே இருக்கு?

காலை 11 மணிக்கு அவை கூடும். முதல் வேலை, ஆவணங்களை அவையின் மேசை மீது வைப்பது. அமைச்சர் எழுந்து ‘என் பெயருக்கு எதிரே உள்ள ஆவணங்களை வைக்கிறேன்’ என்று ஒரு வரி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார். டிவியில் பார்க்கிறவங்க டீ குடிக்கப் போற நேரம் இது. ஆனால் அந்த ஒரு வரிக்குள்ளே வாரியங்களின் ஆண்டறிக்கைகள், கணக்குகள், அரசு சட்டத்தின் கீழே போட்ட விதிகள் எல்லாம் அடங்கியிருக்கும். நாடாளுமன்றம் ஒரு சட்டத்தை நிறைவேற்றிவிட்டு, ‘மீதி விவரத்தை விதிகளாக அரசு போட்டுக்கொள்ளட்டும்’ என்று விட்டுவிடும் இல்லையா? அந்த விதிகள் இப்படித்தான் அவைக்கு வரும். பெரும்பாலான சட்டங்களில், அவை நடக்கும் நாட்களில் மொத்தம் 30 நாள் அந்த விதி மேசையில் இருக்க வேண்டும். அந்தக் காலத்தில் எந்த உறுப்பினரும் ‘இதை மாத்து, இதை ரத்து பண்ணு’ என்று தீர்மானம் கொண்டுவரலாம். கொண்டுவருவது அபூர்வம்.

இதே காலை நேரத்தில்தான், சில நாட்களில், ‘ஸ்பைசஸ் போர்டுக்கு ஓர் உறுப்பினரைத் தேர்ந்தெடுப்பதற்கான தீர்மானம்’ என்று ஒரு வரி வரும். எனக்கு ராத்திரி ஒரு மணிக்குக் கிடைத்தது அந்த வரிதான்.

ஸ்பைசஸ் போர்டு 1986-ம் வருஷச் சட்டத்தால் உருவானது, தலைமையகம் கொச்சியில். அதற்கு முன்னால் ஏலக்காய்க்கென்றே தனி வாரியம் இருந்தது, 1965 சட்டத்தின் கீழ். இப்போதைய சட்டப்படி வாரியத்தில் மூன்று எம்.பி.க்கள் இருக்க வேண்டும். இரண்டு பேரை மக்களவை தேர்ந்தெடுக்கும், ஒருவரை மாநிலங்களவை தேர்ந்தெடுக்கும். போடியிலும் புத்தடியிலும் நடக்கிற மின்னணு ஏலம் வரைக்கும் ஒழுங்குபடுத்துகிற அமைப்பில், மேலவைக்கு என்று ஒரு நாற்காலி இருக்கு. அந்த நாற்காலிக்கு ஆள் அனுப்பும் தீர்மானம் அவையில் எடுக்கிற நேரம் ஒரு நிமிஷத்துக்கும் குறைவு. அமைச்சர் வாசிப்பார், அவைத் தலைவர் கேட்பார், ‘ஆம்’ குரல் வரும், முடிந்தது.

ஆக, மாமா கேட்ட ஒரு நிமிஷம் உண்மையிலேயே இருக்கு. அவர் சாப்பிட்டுவிட்டு டிவி போடுறதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடியே அது கடந்து போயிருக்கும். அவ்வளவுதான்.

ஆவணங்கள் முடிந்ததும் ஜீரோ ஹவர். விதிப் புத்தகத்தில் இந்தப் பெயரே கிடையாது, பழக்கத்தில் வளர்ந்தது. அவசரமான ஒரு விஷயத்தைப் பற்றி முன்கூட்டியே நோட்டீஸ் கொடுத்து, தலைவர் அனுமதித்தால் பேசலாம். மூன்று நிமிஷம். மூன்றாவது நிமிஷம் முடிந்தால் மைக் தானாக அணைந்துவிடும். வாக்கியம் பாதியில் இருந்தாலும் அணையும், ‘நன்றி’ சொல்லும்போதே அணைந்து போனவர்கள் உண்டு. அமைச்சர் பதில் சொல்லியே ஆகணும் என்ற கட்டாயம் இல்லை. இதோட அண்ணன் தம்பி மாதிரி ‘ஸ்பெஷல் மென்ஷன்’ என்று ஒன்று இருக்கிறது. 250 சொல்லுக்குள் எழுதிக் கொடுத்து, அனுமதி வாங்கி, எழுதினதை அப்படியே வாசிக்க வேண்டும். உணர்ச்சிவசப்பட்டு ஒரு வார்த்தை கூடச் சேர்க்க முடியாது.

12 மணிக்குக் கேள்வி நேரம். மக்களவையில் இது காலை 11 மணிக்கு, முதல் வேலையாக வரும். மாநிலங்களவையிலும் முன்பு அப்படித்தான் இருந்தது. என்ன ஆச்சுன்னா, அன்றைய பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு வருகிற கோபம் எல்லாம் 11 மணிக்கே வெடித்து, கேள்வி நேரம் தினமும் அடிபட்டது. அதனால் 2014 குளிர்காலக் கூட்டத்தொடரிலிருந்து, ஹமீத் அன்சாரி தலைவராக இருந்தபோது, அதை 12 மணிக்கு நகர்த்தினார்கள். கோபத்துக்கு ஒரு மணி நேரம் கொடுத்துவிட்டு அப்புறம் கேள்விக்கு வரலாம் என்ற கணக்கு. எங்க ஆபீஸில் சர்வர் காலை 9 மணிக்கு முட்டுதுன்னு ரிப்போர்ட் ஓடுற நேரத்தை மாத்தி வைப்போம், அதே லாஜிக்தான். முழுசாகப் பலித்ததா என்றால், இல்லை. கோபம் 12 மணி வரைக்கும் தாக்குப் பிடிக்கும் என்பது இப்போது தெரிந்துவிட்டது.

கேள்விகள் இரண்டு வகை. நட்சத்திரக் கேள்வி என்றால் அமைச்சர் அவையில் எழுந்து பதில் சொல்ல வேண்டும், துணைக் கேள்வியும் கேட்கலாம். மாநிலங்களவையில் ஒரு நாளைக்கு 15. நட்சத்திரம் இல்லாதவற்றுக்கு எழுத்தில் பதில் வரும், ஒரு நாளைக்கு 160 வரை. எந்தக் கேள்வி மேலே வரும் என்பது குலுக்கல். 60 நிமிஷத்தில் 15 நட்சத்திரக் கேள்வியும் முடிகிற நாள் அபூர்வம், ஐந்தாறு தாண்டினாலே நல்ல நாள். கேள்வி கேட்டவருக்கு இரண்டு துணைக் கேள்வி, அப்புறம் மற்ற உறுப்பினர்கள் சிலருக்கு ஆளுக்கு ஒன்று. கெட்டிக்கார எம்.பி.க்கள் மொத்த வித்தையையும் அந்த இரண்டாவது துணைக் கேள்வியில்தான் காட்டுவார்கள். முதல் கேள்விக்கு அமைச்சர் தாளைப் பார்த்துப் பதில் சொல்லிவிடுவார். இரண்டாவதுக்குத் தாளில் பதில் இருக்காது.

ஆனால் எனக்கு இதில் பிடித்தது நட்சத்திரம் இல்லாத 160. யாரும் கவனிக்காத கேள்விகள். அதற்குத் தயாராகும் பதில் ஒரு அரசு ஆவணம். எவ்வளவு இறக்குமதி, எவ்வளவு மானியம், எத்தனை மாதிரி சோதித்தீர்கள் என்று எண்ணோடு வரும். வேண்டுமென்றே தவறான தகவல் கொடுத்தால் அது உரிமை மீறல் பிரச்சினை ஆகலாம். அதனால் அதிகாரிகள் கவனமாக எழுதுவார்கள். ஆர்.டி.ஐ. போட்டு மாதக் கணக்கில் காத்திருக்கிற ஆளுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்னு யோசிச்சுப் பாருங்க.

சாப்பாட்டு இடைவேளை முடிந்து 2 மணிக்கு மேல்தான் சட்டம் இயற்றும் வேலை. ஒரு மசோதாவுக்கு எவ்வளவு நேரம் என்பதை அலுவல் ஆய்வுக் குழு பரிந்துரைக்கும். 11 பேர், தலைமை அவைத் தலைவரே. பட்டியலில் எந்த மசோதா வரணும் என்று முடிவெடுப்பது அரசு. ஒதுக்கிய நேரம், கட்சிகளுக்கு உறுப்பினர் எண்ணிக்கைப்படி பிரியும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மசோதாவுக்கு நாலு மணி நேரம் ஒதுக்கினாங்கன்னு வச்சுக்கோங்க. 240 நிமிஷம். அவையில் 245 இடங்கள். ஆளுக்கு ஒரு நிமிஷம் கூட வராது. 10 உறுப்பினர் உள்ள கட்சிக்குப் பத்து நிமிஷம் பக்கம், அதை இரண்டு பேர் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு ஐந்து. ஒற்றை உறுப்பினர் கட்சிகளையும் சுயேச்சைகளையும் ‘மற்றவர்கள்’ என்று ஒரே கூடையில் போடுவார்கள். அவர்கள் முறை வரும்போது பெரும்பாலும் சாயங்காலம் ஆகியிருக்கும், பத்திரிகையாளர் மாடமும் காலி. ஆபரேட்டிங் சிஸ்டம் படித்தவங்களுக்கு ‘ஸ்டார்வேஷன்’ தெரியும். வரிசையில் இருக்கிற சின்ன ப்ராசஸ் கடைசிவரை சி.பி.யு. பார்க்காமலே செத்துப் போகும். இங்கே சாகாது, ஆனால் மூன்று நிமிஷத்தில் மணி அடிக்கும்.

மசோதா பேசி முடித்ததும், தெரிவுக் குழுவுக்கு அனுப்பு என்று யாராவது தீர்மானம் கொடுத்திருந்தால் அதை முதலில் முடிவு செய்ய வேண்டும். பிறகு ஒவ்வொரு பிரிவாக, திருத்தங்களோடு. கடைசியில் மொத்த மசோதாவும். ஒவ்வொரு கட்டத்திலும் குரல் வாக்கெடுப்பு. ‘ஆம்’ அதிகமா ‘இல்லை’ அதிகமா என்பதைத் தலைவர் காதால் தீர்மானிப்பார். அதை ஏற்காத உறுப்பினர் எண்ணி வாக்கெடுக்கச் சொல்லிக் கேட்கலாம். அதுக்குப் பேர் டிவிஷன்.

இந்த இடம் ஏன் முக்கியம் என்பதற்கு 2020 செப்டம்பர் 20-ஐப் பாருங்க. ஞாயிற்றுக்கிழமை. கொரோனா காலக் கூட்டத்தொடர், கேள்வி நேரமே ரத்து, ஜீரோ ஹவரும் பாதியாகக் குறைத்திருந்தார்கள். இரண்டு வேளாண் மசோதாக்கள் விவாதத்தில் இருந்தன. துணைத் தலைவர் ஹரிவன்ஷ் நடத்திக்கொண்டிருந்தார். ஒரு மணியோடு முடிய வேண்டிய அவையை, மசோதாக்கள் முடியும்வரை நீட்டித்தார்கள். எதிர்க்கட்சிகள் எதிர்த்தன. தெரிவுக் குழுவுக்கு அனுப்பக் கேட்டவர்களில் நம்ம திருச்சி சிவாவும் ஒருவர். டிவிஷன் கேட்டோம் என்றார்கள் எதிர்க்கட்சிகள். உறுப்பினர்கள் இருக்கையில் இல்லாமல் அவை அமளியில் இருக்கும்போது எப்படி எண்ணுவது என்பது மறுதரப்பு. குரல் வாக்கெடுப்பிலேயே நிறைவேறியது. மறுநாள் எட்டு உறுப்பினர்கள் இடைநீக்கம். அடுத்த ஒரு வருஷம் டெல்லி எல்லையில் என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும். 2021 நவம்பர் 29 அன்று, அந்தச் சட்டங்களை ரத்து செய்யும் மசோதா ஒரே நாளில், சில நிமிஷங்களில், இரண்டு அவைகளையும் தாண்டியது.

என் கருத்தைச் சொல்றேன். டிவிஷன் நடந்திருந்தாலும் மசோதா ஜெயித்திருக்கலாம். ஆனால் எண்ணியிருந்தால் ஒவ்வொரு உறுப்பினர் பெயருக்கு எதிரேயும் ஒரு ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ பதிவாகியிருக்கும். குரலுக்குப் பெயர் கிடையாது.

அதற்காகக் கத்துவதை நான் நியாயப்படுத்தலை. மாமா பார்த்த அமளிக்கும் ஒரு கணக்கு உண்டு. பட்டியலில் இருக்கிற வேலையை நிறுத்திவிட்டு இதைப் பேசு என்று கேட்க விதி 267 இருக்கிறது. 2016 நவம்பரில் பணமதிப்பு நீக்க விவாதம் இந்த வழியில்தான் வந்தது. அதற்கப்புறம் இந்த நோட்டீஸ்கள் மறுக்கப்படுவதுதான் வழக்கமாகிவிட்டது. மறுத்ததும் அமளி, அமளி என்றால் ஒத்திவைப்பு, மிஞ்சினால் இடைநீக்கம். 2023 டிசம்பரில் மட்டும் மாநிலங்களவையில் 46 பேர், மக்களவையில் 100 பேர். இதில் முதலில் பலியாவது யார் என்றால், அனுமதி வாங்கி, மூன்று நிமிஷம் கிடைத்து, ஊர்ப் பிரச்சினையை எழுதி வைத்துக்கொண்டு காத்திருந்த அந்த ஒரு எம்.பி.தான்.

வெள்ளிக்கிழமையைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. வெள்ளி மதியம் கடைசி இரண்டரை மணி நேரம் தனிநபர் அலுவல், அதாவது அமைச்சர் அல்லாத உறுப்பினர்களின் மசோதாக்களும் தீர்மானங்களும். இதுவரை சட்டமான தனிநபர் மசோதாக்கள் 14, கடைசியாக நடந்தது 1970-ல். ‘அப்போ இது டைம் பாஸா’ன்னு கேட்டீங்கன்னா, நம்ம மாநிலத்தின் பெயரை எடுத்துக்கோங்க. மதராஸ் மாநிலத்தைத் தமிழ்நாடு என்று மாற்ற மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்தவர் வங்கத்துக் கம்யூனிஸ்ட் பூபேஷ் குப்தா. 1963-ல் அதை ஆதரித்து அண்ணா பேசினார். அவர் அப்போது அந்த அவையின் உறுப்பினர். மசோதா தோற்றது. 1967-ல் அண்ணா முதலமைச்சராகி, சட்டமன்றத்தில் தீர்மானம் போட்டு, 1969 ஜனவரி 14-ல் பெயர் நடைமுறைக்கு வந்தது. அதே மாதிரி, திருச்சி சிவாவின் திருநர் உரிமை மசோதா 2015 ஏப்ரல் 24-ல் மாநிலங்களவையில் நிறைவேறியது. மக்களவை தாண்டவில்லை. ஆனால் 2019-ல் அரசே ஒரு சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. அந்தச் சட்டத்தின் தரம் பற்றி இன்னொரு எபிசோட் பேசலாம்.

மேலவையால் முடியாததும் இருக்கு. முக்கியமாகப் பணம். பண மசோதாவை 14 நாளுக்குள் திருப்பி அனுப்ப வேண்டும், மாநிலங்களவை சொல்கிற திருத்தத்தை மக்களவை ஏற்கலாம், தள்ளலாம். மானியக் கோரிக்கைகளுக்கு வாக்களிப்பதும் மக்களவை மட்டும்தான். எங்க ஊர் ரயிலை எடுத்துக்கோங்க. மதுரை–போடி மீட்டர் கேஜ் பாதை 2010 கடைசியில் அகலப்பாதைக்காக மூடப்பட்டது, எனக்கு அப்போ 13 வயசு. 2023 ஜூன் 15-ல் போடிக்குத் திரும்ப ரயில் வந்தபோது நான் வேலைக்குப் போய் நாலு வருஷம். பள்ளி, கல்லூரி எல்லாம் பஸ்ஸிலேயே முடிந்துபோச்சு. அப்படி ஒரு பாதைக்கு மாநிலங்களவை நிதி ஒதுக்க முடியாது, ஏன் ஒதுக்கலைன்னு கேட்க மட்டும் முடியும்.

போடியில் இதைச் சொன்னா யாராவது ஒருத்தர் கட்டாயம் கேட்பார்: “அந்தம்மா முதல்ல டெல்லி மேல்சபையிலதான இருந்தாங்க?” ஆமாம். ஜெயலலிதா 1984-ல் மாநிலங்களவைக்குப் போனவர். 1989-ல் முதன்முதலாகச் சட்டமன்றத்துக்கு ஜெயித்தது எங்க போடிநாயக்கனூரில். தமிழ்நாட்டுக்கென்று இருந்த மேலவை அதற்குள் போய்விட்டது, 1986 நவம்பர் 1-ல் ஒழித்துவிட்டார்கள். அதனால் இன்றைக்குத் தமிழ்நாட்டுக்காரனுக்கு மேலவை என்றால் டெல்லியில் இருக்கிற 18 இடம்தான். அந்த 18 பேரை நம்ம எம்.எல்.ஏ.க்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆறு இடத்துக்குத் தேர்தல் நடந்தால் ஓர் இடத்துக்கு 34 எம்.எல்.ஏ. ஓட்டு வேண்டும். தொகுதி கிடையாது. எனவே 18 பேரில் யாரிடம் வேண்டுமானாலும் போடிக்காரன் போய் நிற்கலாம். தோட்டம் இடுக்கியில் இருப்பதால், மாமா கேரளாவின் ஒன்பது பேரிடமும் போகலாம்.

மறுநாள் காலை இதையெல்லாம் மாமாவிடம் சொன்னேன். பாதி கேட்டுவிட்டு, “அப்ப ஒரு கேள்வியை எழுது, அனுப்புவோம்” என்றார். சொல்லச் சொல்ல எழுதினேன். முதல் வரி: ‘குவாத்தமாலா காயை உள்ளே விட்டுவிட்டு விவசாயியைப் பட்டினி போடுவதுதான் அரசின் கொள்கையா?’

மாநிலங்களவை விதிப்படி கேள்வியில் வாதம் இருக்கக் கூடாது, ஊகம் இருக்கக் கூடாது, கிண்டல் இருக்கக் கூடாது, குற்றச்சாட்டு இருக்கக் கூடாது. மாமாவின் ஒரே வரியில் நாலும் இருந்தது.

“கிண்டல் இல்லாம எப்படிடா கேக்குறது?” என்றார். ஒரு மணி நேரம் ஆச்சு. மூன்று வருஷமாக எந்தெந்த நாட்டிலிருந்து எவ்வளவு ஏலக்காய் இறக்குமதியானது, அதில் எத்தனை சரக்கு சோதிக்கப்பட்டது, இறக்குமதிக் காய் உள்நாட்டு ஏலத்தில் கலப்பதைத் தடுக்க என்ன ஏற்பாடு. மூன்றே உட்பிரிவு. கேள்வி நாளுக்கு 15 முழு நாள் முன்னால் எம்.பி. நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும், அதனால் அடுத்த கூட்டத்தொடருக்குத்தான் முடியும் என்றேன். அதே விவரத்தை இன்னொரு தாளில் மனுவாகவும் எழுதினோம், வர்த்தகத் துறை நிலைக்குழுவுக்கு. துறைவாரி நிலைக்குழுக்கள் மொத்தம் 24, அதில் எட்டு மாநிலங்களவைத் தலைவரின் கீழ் வருகிறவை, வர்த்தகம் அந்த எட்டில் ஒன்று. அங்கே மைக் அணையாது.

மாமா இரண்டு தாளையும் மடித்து, ஏலச் சீட்டு வைக்கிற அதே மஞ்சப் பையில் வைத்தார். “நட்சத்திரம் வேணாம்னு போட்டுட்டியா?” என்று கேட்டார்.

போட்டிருக்கேன் மாமா, எழுத்துல பதில் வந்தா போதும்னு போட்டிருக்கேன்.